ஃபோலிக் ஆசிட் போலி அல்ல: செல் தன் டி.என்.ஏ-வை நகலெடுக்கும் கதை

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிப்போம். நம் எலும்பு மஜ்ஜையில் ஒவ்வொரு நொடியும் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் புதிதாக உருவாகின்றன. ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால், அதற்கு முன் தன்னிடம் உள்ள டி.என்.ஏ முழுவதையும் ஒரு நகல் எடுத்தாக வேண்டும். மனித செல் ஒன்றில் அம்மா வழியில் 320 கோடி எழுத்து, அப்பா வழியில் 320 கோடி எழுத்து, ஆக மொத்தம் 640 கோடி எழுத்துகள். எழுத்து வகை நாலுதான் என்பதால் ஒன்றுக்கு இரண்டு பிட் போதும். என் தொழில் பாஷையில் சொன்னால், ஒரு செல்லில் இருப்பது 1.6 ஜிபி தரவு. அப்படியானால் சிவப்பணு தயாரிப்புக்காக மட்டும் நம் மஜ்ஜை நொடிக்கு சுமார் 3 பெட்டாபைட், அதாவது 30 லட்சம் ஜிபிக்கும் மேல் நகலெடுக்கிறது. நாம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதும் இது நடக்கிறது, தூங்கும்போதும் நடக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. இவ்வளவு பாடுபட்டு நகலெடுத்த டி.என்.ஏ-வை, சிவப்பணு முதிர்ச்சி அடையும் கட்டத்தில் உட்கருவோடு சேர்த்து வெளியே தள்ளிவிடுகிறது. ஆக்சிஜன் சுமக்க இடம் வேண்டுமாம்!

சர்வர், பேக்கப், ரெப்ளிகேஷன் என்றே இருபது வருடமாகப் பிழைப்பு நடத்துபவன் நான். அதனால் இந்த நகலெடுப்பு விஷயத்தில் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. ஆனால் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது ஒரு மாத்திரை.

ஊரில் வந்த கேள்வி

எங்க ஊர் வெம்பக்கோட்டை. இப்போது பலருக்கும் இந்தப் பெயர் அகழாய்வு மூலமாகத் தெரிந்திருக்கும். 2022-ல் விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரையில் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்ததிலிருந்து சங்கு வளையலும் பாசிமணியுமாகச் செய்திகளில் அடிபடுகிறது. அதற்கு முன்பெல்லாம் பட்டாசு, தீப்பெட்டி என்றுதான் அறிமுகம். இந்த ஆலைகளில் வேலை பார்ப்பவர்களில் பெண்கள் ஏராளம். காலையில் வேனில் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவார்கள்.

ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு மருமகள், மாசமாக இருந்தவர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து காட்டினார்.

"அண்ணே, ரத்தம் ஊறுறதுக்கு இரும்புச்சத்து, அது தெரியும். இதுல போலிக் ஆசிட்னு இன்னொண்ணும் இருக்குன்னு நர்ஸ் அக்கா சொல்லுச்சு. போலின்னா டூப்ளிகேட்டுதான? எங்க மாமியா, இதெல்லாம் திங்காத, பிள்ளை கருப்பாப் பொறக்கும்ங்குறாங்க."

பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. இரும்புச்சத்தால் மலம்தான் கருப்பாகப் போகும் என்று சொன்னேன். அந்தப் 'போலி'யைப் பற்றி அவருக்குச் சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். தமிழ் உச்சரிப்பில் அது போலியாகக் கேட்டாலும், லத்தீனில் 'ஃபோலியம்' என்றால் இலை. 1941-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நாலு டன் பசலைக்கீரையிலிருந்து அந்தப் பொருளைத் துளியூண்டு பிரித்தெடுத்தார்கள். கீரையிலிருந்து வந்ததால் அந்தப் பெயர். ஆனால் டூப்ளிகேட் என்று அவர் சொன்னது ஒருவிதத்தில் சரியான இடத்தில்தான் போய் நிற்கிறது. டூப்ளிகேட் எடுக்க முடியாமல் செல் திணறும்போதுதான் ஃபோலிக் ஆசிட்டின் அருமை தெரியும்.

ஒரு பாதி இருந்தால் மறுபாதி தானே வரும்

டி.என்.ஏ-வில் ஏ, டி, ஜி, சி என்று நாலு எழுத்து. ஏ-க்கு எதிரே டி மட்டும்தான் உட்காரும், ஜி-க்கு எதிரே சி மட்டும்தான். 1953-ல் வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருள் அமைப்பை முன்வைத்தபோதே, நகலெடுக்கும் வழியும் இதற்குள்ளேயே இருக்கிறது என்பதைக் கோடிட்டுக் காட்டிவிட்டார்கள். ஜிப்பைப் பிரிப்பது மாதிரி இரண்டு இழைகளையும் பிரித்துவிட்டால், ஒவ்வொன்றையும் பார்த்து அதன் ஜோடியைப் புதிதாகக் கட்டிவிடலாம். ஒன்று இரண்டாகிவிடும்.

கேட்க அழகாக இருக்கிறது. உண்மையிலேயே அப்படித்தான் நடக்கிறதா? பழைய இரட்டை இழை அப்படியே இருக்க, முழுக்கப் புதிதாக ஒரு ஜோடி உருவாகலாம். அல்லது பழையதும் புதியதும் துண்டு துண்டாகக் கலந்தும் வரலாம். இந்த மூன்றில் எது என்று 1958-ல் மெசல்சன், ஸ்டால் என்ற இருவர் முடிவு கட்டினார்கள். பாக்டீரியாவை எடை கூடிய நைட்ரஜன் உள்ள உணவில் பல தலைமுறை வளர்த்தார்கள். அதன் டி.என்.ஏ முழுக்க 'கனமான' டி.என்.ஏ ஆனது. பிறகு சாதாரண நைட்ரஜன் உணவுக்கு மாற்றி, ஒவ்வொரு தலைமுறையிலும் டி.என்.ஏ-வை எடுத்து, அடர்த்தியான உப்புக் கரைசலில் அதிவேகமாகச் சுழற்றினார்கள். கனமானது கீழே, லேசானது மேலே நிற்கும்.

ஒரு தலைமுறைக்குப் பிறகு எல்லாமே நடுவில், ஒரே பட்டையாக நின்றது. பழைய ஜோடி அப்படியே இருந்திருந்தால் கனமான பட்டை தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. இரண்டாவது தலைமுறையில் பாதி நடுவிலும் பாதி மேலேயும் நின்றது. துண்டு துண்டாகக் கலந்திருந்தால் இப்படிச் சுத்தமாக இரண்டாகப் பிரிந்திருக்காது. ஆக, ஒவ்வொரு நகலிலும் ஒரு இழை பழசு, ஒரு இழை புதுசு. வாட்சனும் கிரிக்கும் எதிர்பார்த்தது சரிதான்.

அச்சகம் எப்படி ஓடுகிறது?

எங்க பக்கத்தில் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அடுத்த தொழில் அச்சு. தீப்பெட்டிக்கு லேபிள் அடிக்கப் போய், காலண்டர், டைரி, நோட்டு என்று வளர்ந்தது சிவகாசி அச்சுத்தொழில். அதனால் செல்லையும் ஒரு பிரஸ்ஸாகவே பார்க்கலாம்.

முதலில் இரட்டை இழையைப் பிரிக்க ஒரு நொதி. முறுக்கிய கயிற்றை ஒரு பக்கம் பிரித்தால் மறுபக்கம் முறுக்கு ஏறும் இல்லையா? அந்த முறுக்கைத் தளர்த்த, இழையை வெட்டிச் சுழலவிட்டு மறுபடி ஒட்டுவதற்கென்றே இன்னொரு நொதி உண்டு. எழுத்துகளைக் கோப்பது பாலிமரேஸ். 1950-களின் நடுவில் ஆர்தர் கோர்ன்பெர்க் இந்தக் குடும்பத்தின் முதல் நொதியைக் கண்டுபிடித்தார். 1959-ல் நோபல் பரிசு வாங்கினார்.

பாலிமரேஸ் கெட்டிக்காரன்தான், ஆனால் கண்டிஷன் போடுபவன். ஒன்று, வெறும் இழையில் தானாக ஆரம்பிக்க மாட்டான். யாராவது நாலு எழுத்து எழுதி வைத்தால் அதிலிருந்து தொடருவான். அந்த ஆரம்ப வரியை ஆர்.என்.ஏ-வில் எழுதிக் கொடுக்க ஒரு தனி ஆள் உண்டு. இரண்டு, ஒரே திசையில் மட்டும்தான் எழுதுவான்.

இரண்டாவது கண்டிஷன் பெரிய தலைவலி. ஏனென்றால் டி.என்.ஏ-வின் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. ஜிப் திறந்துகொண்டே போகும்போது, ஒரு இழையில் பாலிமரேஸ் ஜிப்பின் பின்னாலேயே நேராகப் போய்விடலாம். மற்ற இழையில் ஜிப் போகும் திசைக்கு எதிராகத்தான் எழுத முடியும். என்ன செய்வது? கொஞ்சம் இடம் திறந்ததும் பின்பக்கமாக ஒரு துண்டு எழுது, மறுபடி முன்னால் போய் இன்னொரு துண்டு எழுது, கடைசியில் எல்லாவற்றையும் ஒட்டு. செல் செய்வது இதைத்தான். பாக்டீரியாவில் 1,000 முதல் 2,000 எழுத்து நீளமுள்ள துண்டுகள்; மனித செல்லில் 100 முதல் 200 வரைதான்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெய்ஜி ஒகசாகி, சுனேகோ ஒகசாகி தம்பதி, 1960-களின் பிற்பாதியில். இன்றும் அவற்றுக்கு ஒகசாகி துண்டுகள் என்றுதான் பெயர். ரெய்ஜி ஹிரோஷிமாக்காரர், சிறுவயதில் அணுகுண்டுக் கதிர்வீச்சுக்கு ஆளானவர். 1975-ல், 44 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். சுனேகோ ஆய்வைத் தொடர்ந்து நடத்தி முடித்தார். குட்டி ஜப்பான் என்று பேர் வாங்கிய ஊருக்குப் பக்கத்தில் பிறந்தவன் என்பதால், பெரிய ஜப்பானின் இந்தக் கதை எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும்.

ஏன் ஒரே திசை என்ற பிடிவாதம்? தீக்குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். வரும் ஒவ்வொரு எழுத்தும், தன்னை ஒட்டவைக்கத் தேவையான ஆற்றலை மூன்று பாஸ்பேட்டுகளாகத் தன் தலையிலேயே சுமந்து வருகிறது, குச்சியின் முனையில் மருந்து மாதிரி. தவறான எழுத்து ஒட்டிவிட்டால் அதை வெட்டி எறியலாம். அடுத்து வரும் எழுத்து தன் மருந்தைத் தானே கொண்டுவரும். எதிர்த்திசையில் எழுதினால் நிலைமை மாறும். மருந்து, வளரும் இழையின் நுனியில் இருக்க வேண்டியிருக்கும். தவறான எழுத்தை வெட்டினால் மருந்தும் சேர்ந்து போய்விடும், வேலை அங்கேயே நின்றுவிடும். திருத்த வசதியாக இருக்கத்தான் இந்த ஒருவழிப் பாதை என்பதே பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம்.

வேகமும் பிழையும்

மனித செல்லில் பாலிமரேஸ் நொடிக்குச் சுமார் 50 எழுத்து கோக்கும். ஒரே ஒரு இடத்தில் ஆரம்பித்து ஒரே ஆள் எழுதினால் 640 கோடி எழுத்துக்கு ஏறக்குறைய நாலு வருடம் ஆகும். ஆனால் செல் சுமார் எட்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. பல்லாயிரக்கணக்கான இடங்களில் ஜிப்பைத் திறந்து, எல்லா இடத்திலும் வேலையை ஓடவிடுவதுதான் வழி. எங்கள் ஆட்கள் இதை 'பேரலல் புராசஸிங்' என்பார்கள்.

ஈ.கோலை பாக்டீரியா இன்னும் கில்லாடி. அதற்கு 46 லட்சம் எழுத்து. நொடிக்கு ஆயிரம் வீதம் இரண்டு பக்கமும் எழுதினாலும் ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். ஆனால் நல்ல சாப்பாடு கிடைத்தால் அது 20 நிமிடத்தில் இரண்டாகப் பிரிகிறது! எப்படி? முதல் நகல் முடியும் முன்பே அடுத்த நகலை ஆரம்பித்துவிடுகிறது. பேத்திக்கான நகல் வேலை பாட்டி காலத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இத்தனை வேகத்தில் பிழை வராதா? வரும். பாலிமரேஸ் மட்டும் என்றால் லட்சத்துக்கு ஒரு பிழை. குறைவுதான் என்று தோன்றும். 640 கோடிக்குக் கணக்கிட்டால் ஒரு நகலில் 64,000 பிழை, செல் தாங்காது. அதனால் பாலிமரேஸே ஒவ்வொரு எழுத்தையும் ஒட்டியதும் ஒருமுறை சரிபார்க்கும். பொருந்தவில்லை என்றால் ஒரு அடி பின்வாங்கி வெட்டிவிட்டு மறுபடி போடும். இதில் பிழை கோடிக்கு ஒன்றாகிறது. 64,000 என்பது 640 ஆகிறது. அதற்கும் பிறகு, எழுதி முடித்த இழையைத் தடவிப் பார்த்துக்கொண்டே வரும் இன்னொரு குழு உண்டு. அதன் வேலையும் முடிந்ததும் ஒரு முழு நகலில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பிழை மிஞ்சும்.

இந்தக் கடைசிக் குழுவுக்கு ஒரு நுணுக்கமான சிக்கல். ஓரிடத்தில் ஏ-வுக்கு எதிரே சி இருக்கிறது. எது தப்பு? அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவருக்கு மூலப்பிரதி எது, அச்சடித்த தாள் எது என்று தெரியும். இங்கே இரண்டும் ஒரே மாதிரி இழை. மூலத்தையே 'திருத்தி'விட்டால் பிழை நிரந்தரமாகிவிடும். ஈ.கோலையில் பழைய இழையில் குறிப்பிட்ட இடங்களில் மீத்தைல் என்ற சிறு முத்திரை குத்தியிருக்கும்; புது இழையில் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது விழும். அந்த இடைவெளிக்குள் முத்திரை இல்லாத இழையைத் திருத்திவிடுகிறார்கள். இதை வெளிக்கொண்டு வந்த பால் மோட்ரிச் 2015-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். மனித செல்லில் இந்த முத்திரை முறை கிடையாது. புது இழையில் இன்னும் ஒட்டாமல் இருக்கும் வெட்டுகள் அடையாளமாக உதவுகின்றன.

மை தீர்ந்துபோனால்?

இதுவரை பார்த்தது மெஷின். இனி மை.

நாலு வண்ண ஆஃப்செட்டில் மஞ்சள் மட்டும் தீர்ந்துவிட்டால் என்ன ஆகும்? தாள் இருக்கிறது, மெஷின் இருக்கிறது, மற்ற மூன்று மையும் இருக்கிறது. ஆனாலும் வேலை நடக்காது. நடந்தாலும் பச்சை இலையெல்லாம் நீலமாக விழும்.

டி.என்.ஏ-வில் அப்படி முதலில் தட்டுப்பாடு வரும் மை, டி எழுத்து. செல் அதை நேரடியாகச் செய்வதில்லை. யூ என்று ஒரு எழுத்து உண்டு, ஆர்.என்.ஏ-வில் டி-க்குப் பதிலாக இருப்பது. அந்த யூ-வோடு ஒரே ஒரு கார்பனை, அதாவது ஒரு மீத்தைல் தொகுதியைச் சேர்த்தால் டி. அந்த ஒற்றைக் கார்பனைச் சுமந்துவந்து கொடுப்பதுதான் ஃபோலேட்டின் வேலை. பாக்டீரியாக்கள் பலவும் ஃபோலேட்டைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும். நம்மால் முடியாது, சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும்: கீரை, பயறு, நிலக்கடலை, ஈரல். அதுவும் வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் அதோடு நிறையப் போய்விடும்.

ஃபோலேட் குறைந்தால் டி குறையும், யூ குவியும். யூ-வும் டி-யும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்று என்பதால், பாலிமரேஸ் டி இருக்க வேண்டிய இடத்தில் யூ-வை எடுத்துப் போட்டுவிடும். பழுது பார்க்கும் குழு வந்து "இது யூ ஆச்சே" என்று வெட்டி எடுக்கும். நிரப்ப டி இல்லை; மறுபடி யூ. மறுபடி வெட்டு. வெட்டி வெட்டி இழையே அறுந்துபோகும். நம் காப்பாளனே நம்மைக் கெடுக்கும் இடம் இது.

இது முதலில் தெரியும் இடம் மஜ்ஜை, ஏனென்றால் மிக அதிகமாக நகல் ஓடும் அச்சகங்களில் அது ஒன்று. அங்கே ஒரு வினோதம் நடக்கும். ஆர்.என்.ஏ-வுக்கு டி தேவையில்லை, எனவே புரதத் தயாரிப்பு தடையில்லாமல் நடக்கும். செல் பெருத்துக்கொண்டே போகும், ஆனால் டி.என்.ஏ நகல் முடியாததால் பிரிய முடியாது. விளைவு, எண்ணிக்கையில் குறைந்த, அளவில் பெரிய அணுக்கள். இரும்புச்சத்துக் குறைவில் இதற்கு நேர் எதிர்: அணுக்கள் சிறுத்து வெளுத்திருக்கும். ரத்தப் பரிசோதனைத் தாளில் எம்.சி.வி என்று ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள். சிவப்பணுவின் சராசரி அளவு அது. 80-லிருந்து 100 வரை சாதாரணம். குறைந்தால் முதலில் இரும்பை, கூடினால் ஃபோலேட்டையும் பி12-ஐயும் மருத்துவர் நினைப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டு குறையும் சேர்ந்திருந்தால் சராசரி சாதாரணமாகக்கூடத் தெரியலாம் என்பதால், தாளைப் பார்த்து நாமே முடிவுகட்டக் கூடாது.

பம்பாய், குன்னூர், திருவல்லிக்கேணி

இந்தப் பெரிய அணு ரத்தசோகையைத் துப்பறிந்த கதை நம் மண்ணில் நடந்தது. 1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்தியா வந்தார். பம்பாய் ஜவுளி ஆலைத் தொழிலாளர்களிடையே கர்ப்பிணிகளுக்குக் கடுமையான ரத்தசோகை வந்து உயிர்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் அவர்களின் சாப்பாட்டைக் கவனித்தார். ஏழ்மையான, கீரை காய்கறி குறைந்த சாப்பாடு. 1929-ல் ஆய்வு நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு நகர்ந்தது. 1931-ல் அவர் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார், இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனை.

எலி, குரங்கு என்று சோதித்துப் பார்த்ததில், ஈஸ்ட் சாறு இந்த ரத்தசோகையைக் குணமாக்குவது தெரிந்தது. 'மார்மைட்' என்று இங்கிலாந்தில் ரொட்டியில் தடவித் தின்னும் மலிவான பண்டம். பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்ட்டில் செய்வது. அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார், தேறினார்கள். 1931-ல் முடிவுகளை வெளியிட்டார். உள்ளே இருந்த பொருள் எது என்று தெரியாததால் 'வில்ஸ் காரணி' என்றே அழைத்தார்கள். அதுதான் பிற்பாடு ஃபோலேட் ஆனது.

அதே திருவல்லிக்கேணியில், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தான். 1895-ல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். மெட்ரிகுலேஷனில் தவறி, இங்கே வந்து தேறினார். மாநிலக் கல்லூரி, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் அணிந்ததால் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் அதிருப்தியைச் சம்பாதித்தார், எம்.பி.பி.எஸ் பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழான எல்.எம்.எஸ் சான்றிதழ்தான் கிடைத்தது. அந்தக் காலத்தில் அவருடைய இரண்டு சகோதரர்கள் சில நாள் இடைவெளியில் 'ஸ்புரூ' என்ற குடல் நோயில் இறந்தார்கள். குடல் சத்துகளை உறிஞ்ச மறுக்கும் நோய் அது. உறிஞ்ச முடியாத சத்துகளில் முக்கியமான ஒன்று ஃபோலேட்.

1923-ல் அமெரிக்கா போனார். ஹார்வர்டில் பாஸ்பரஸ் அளக்கும் முறை, ஏ.டி.பி கண்டுபிடிப்பில் பங்கு என்று பெரிய வேலைகள். 1940-ல் லெடர்லி ஆய்வகத்துக்கு மாறினார். 1945-ல் அவர் தலைமையிலான குழு ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது. ஸ்புரூவுக்கும் அது மருந்தானது. இன்று வெம்பக்கோட்டை அட்டைக்குள் இருக்கும் அந்தப் பொருள், சென்னையில் படித்து, சரியான பட்டம் மறுக்கப்பட்ட ஒரு மனிதரின் குழு தயாரித்துக் கொடுத்தது.

அதே பூட்டு, எதிர்ச் சாவி

பாஸ்டனில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைக் கவனித்துவந்த சிட்னி ஃபார்பர், ஃபோலிக் ஆசிட் வகைகளைக் கொடுத்துப் பார்த்தபோது நோய் வேகமெடுப்பதுபோல் தோன்றியது. நகலெடுத்தே பெருகும் நோய் அது. மை கொடுத்தால் அச்சு கூடத்தானே செய்யும்? அப்படியானால் மையைத் தடுத்தால்? பார்ப்பதற்கு ஃபோலிக் ஆசிட் போலவே இருந்து, நொதியில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை முடக்கும் பொருள்களை சுப்பாராவின் குழு தயாரித்து அனுப்பியது. இதுதான் உண்மையான 'போலி ஃபோலிக்'! அமினாப்டெரின் அதில் ஒன்று. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட முடிவு: மிக மோசமான நிலையிலிருந்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. தற்காலிகம்தான். ஆனால் அதுவரை அந்த நோய்க்கு எதுவுமே கேட்டதில்லை. இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் இறந்தார்.

அமினாப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்சேட் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் மற்ற மருந்துகளோடு இருக்கிறது. வசதியான நாடுகளில் இந்நோய் வரும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 1980-களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும் மும்பை, டெல்லி மருத்துவமனைகளும் ஒரு பொதுவான சிகிச்சைத் திட்டத்தைக் கையில் எடுத்த பிறகு நம் நாட்டிலும் பிழைப்பவர்கள் வெகுவாகக் கூடினார்கள்.

என் பெரியம்மாவுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடந்தபோது முடி கொட்டியது, வாயெல்லாம் புண். "மருந்து நோயைக் கொல்லுதா, என்னைக் கொல்லுதா?" என்று கேட்டார். நகலெடுப்பைத் தடுக்கும் மருந்துக்கு, அடிக்கடி நகலெடுக்கும் செல் எது என்று மட்டும்தான் தெரியும். அது புற்றா, முடிவேரா, வாயின் உட்தோலா, மஜ்ஜையா என்று தெரியாது. பக்கவிளைவுகளின் பட்டியலைப் பார்த்தால் உடம்பில் எங்கெல்லாம் அச்சகம் இரவுபகலாக ஓடுகிறது என்பதன் வரைபடம் கிடைத்துவிடும். மருந்து நின்றதும் முடி முளைப்பதும் அதனால்தான்.

கையில் வைத்துக்கொள்ள மூன்று விஷயம்

முதலாவது, கர்ப்பம். ஒரே செல்லில் ஆரம்பித்துப் பத்து மாதத்தில் ஒரு பிள்ளை. வாழ்க்கையிலேயே நகலெடுப்பு உச்சத்தில் இருக்கும் காலம். முதுகுத்தண்டு, மூளை உருவாகும் நரம்புக்குழாய் கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று பலர் கவனிக்கும் நேரமே அதுதான். 1991-ல் வெளியான பிரிட்டன் மருத்துவ ஆய்வுக் குழுமத்தின் ஆய்வில், முன்பு நரம்புக்குழாய்க் குறையுள்ள பிள்ளை பெற்ற தாய்மார்கள் கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் எடுத்தபோது, மறுபடி அந்தக் குறை வருவது 72% குறைந்தது. அதனால்தான் பிள்ளைக்குத் திட்டமிடும்போதே மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார்கள். அரசு கொடுக்கும் கர்ப்பிணி மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும், அரை மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட்டும் இருக்கின்றன. 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. வில்ஸ் பம்பாயில் பார்த்தது பழங்கதை ஆகிவிடவில்லை. மாத்திரை வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டுக்குப் பின் எடுக்கலாமா, இரவில் எடுக்கலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள். குப்பையில் போட வேண்டாம்.

இரண்டாவது, பி12. இது குறைந்தால் ஃபோலேட் உடம்பில் இருந்தும் பயன்படாத வடிவத்தில் சிக்கிக்கொள்ளும். அதே பெரிய அணு ரத்தசோகை வரும். ஃபோலிக் ஆசிட்டை மட்டும் நிறையக் கொடுத்தால் ரத்தம் தேறிவிட்ட மாதிரி தெரியும், ஆனால் பி12 இல்லாமல் நரம்பு பாதிப்பு உள்ளுக்குள் தொடரும். சைவச் சாப்பாட்டுக்காரர்களும் வயதானவர்களும் கை கால் மரத்துப்போனால் இதையும் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது, மெத்தோட்ரெக்சேட். இதே மருந்தைக் குறைந்த அளவில் முடக்குவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் தருகிறார்கள். வீட்டில் பாட்டிக்கு இந்த மாத்திரை இருக்கலாம். இது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டியது. தினசரி மாத்திரை என்று நினைத்துத் தொடர்ந்து எடுத்து மஜ்ஜை முடங்கி இறந்தவர்கள் உலகமெங்கும் உண்டு. ஏன் என்று இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கு இனி விளக்க வேண்டியதில்லை. அந்த மாத்திரைப் பெட்டியில் எந்தக் கிழமை என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கூடவே இன்னொரு நாளில் எடுக்கச் சொல்லி மருத்துவர் ஒரு சின்ன மஞ்சள் மாத்திரையும் எழுதியிருப்பார். அது நம் ஃபோலிக் ஆசிட்தான்.